காத்திரு = 30

இரவு இரண்டே முக்காலுக்கு அழைத்தவர்
பெயர் சொல்லவில்லை.
"டோக்கன் புரோக்ராம் எழுதுனது நீதானா?"
கல்லூரிக் கடைசி வருஷம்
கோப்பின் தலையில் பெருமைக்காகப் போட்டு வைத்த எண்.
இத்தனை வருஷத்தில் யாரும் அழைத்ததில்லை.

பெரு நாட்டில் ஒரு பல் மருத்துவமனை அதை ஓட்டுகிறது,
லிதுவேனியாவில் ஒரு நூலகம்.
நான் காசு கேட்டதில்லை, அவர்கள் கொடுத்ததுமில்லை.
என் வீட்டிலிருந்து மூன்றே கிலோமீட்டர்,
காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரி
அதை ஓட்டுவது எனக்குத் தெரியாது.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணிக்கொண்டே நின்றேன்.
நாற்பத்தொன்றாவது பெட்டியில் ஞாபகம் வந்துவிட்டது:
காத்திரு = 30.
போன வாரம் வரை அது முப்பது நிமிடம்.
நான்தான் நொடியாக்கினேன்,
ஊரெல்லாம் நொடியில் எண்ணும்போது நாம் மட்டும் ஏன் என்று
ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு.

ஜன்னலில் சீட்டு வாங்கி
ஐஸ் உடைக்கிற மிஷினுக்கு நடந்துபோக
நாலு நிமிஷம் ஆகும், ஈரத் தரையில்.
சீட்டு முப்பதாவது நொடியில் செத்துப்போகிறது.
ஓடியும் பார்த்திருக்கிறார்கள்.
ஒரு பையன் வழுக்கி விழுந்து
சிராய்த்த முட்டியை ஊதிக்கொண்டிருந்தான்,
மற்ற கையில் செல்லாத சீட்டு.
ஒன்பது விசைப்படகு கிளம்பவில்லை.

கணக்கு எழுதுபவர் பெயர் தேசப்பன்.
"எழுதித்தான் இருந்தேன்" என்றேன்,
"மாற்றக் குறிப்பில், பதினோராவது வரி."
செல்லைத் திறந்து காட்டவும் செய்தேன்:
கால அலகு மாற்றப்பட்டுள்ளது.
நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி
இரண்டு தரம் படித்தார்.
"சரி, எழுதிக்கீற.
யாருக்கு எழுதுன?"

முப்பதை 1800 ஆக்கினேன். அவ்வளவுதான் வேலை.
மிஷின் உறுமியது.
யாரும் திட்டவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்கள்,
குடிக்க முடியவில்லை.

திரும்பும்போது மழை.
வைத்தியநாதன் பாலத்தடியில்
மூடியில்லாத குழிக்குள் யாரோ
பூவரசங்கிளையைச் செருகி
சிவப்புப் பாவாடைக் கிழிசலைக் கட்டியிருந்தார்கள்.
மாநகராட்சி அறிவிப்பு எங்காவது ஒரு பலகையில் இருக்கும்.
கிளை, குழியிலேயே இருந்தது.
கொஞ்சம் தள்ளி, போன மழைக்கு நட்ட கிளை ஒன்று
துளிர்விட்டு நிற்கிறது.
டீக்கடைக்காரர் அதில் துண்டு காயப்போடுகிறார்.
அதைச் சுற்றிப்போக இப்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

வீட்டில் ஈரத்தோடே உட்கார்ந்தேன்.
மாற்றப்பட்டுள்ளது.
இந்தப் 'பட்டுள்ளது'க்குள் எத்தனை பேர் ஒளிந்துகொள்ளலாம்!
ரேஷன் கடைக் கதவில் நிறுத்தப்பட்டுள்ளது,
கரண்ட் ஆபீஸ் சுவரில் ஒத்திவைக்கப்பட்டுள்ளது.
அழித்துவிட்டு,
"நான் மாற்றினேன்" என்று அடித்தேன்.
கூச்சமாக இருந்தது.

இனி அது குறிப்பில் சொல்லாது,
எழுந்ததுமே திரையில் சொல்லும்:
"காத்திரு என்று எழுதியிருக்கிறீர்கள்.
பழையபடி நிமிடமாகவே எடுத்துக்கொள்கிறேன்.
இனிமேல் காத்திரு_நொடி என்று எழுதுங்கள், 30க்கு 1800.
பொங்கல் வரை பொறுப்பேன்.
அதன்பிறகு ஓட மாட்டேன்.
தப்பாக ஓடுவதற்கு நின்றுவிடுவது மேல்."
லிதுவேனியாவை நினைத்து
பொங்கலை ஜனவரி 15 என்று திருத்தினேன்.

வெளியிட்ட கால் மணியில் பெருவிலிருந்து பதில்:
எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை,
நாங்கள் இன்னும் மூன்று வருஷத்துக்கு முந்தியதைத்தான் ஓட்டுகிறோம்.

சிரித்து முடிப்பதற்குள் உறைத்தது.
ஐஸ் ஃபேக்டரியில், பழைய பெயரில்,
என் கையால் போட்ட 1800.
புதியது ஏறினால் அது
ஆயிரத்தெண்ணூறு நிமிடம்.

தேசப்பனுக்கு எழுதினேன். மூன்றே வரி.
அண்ணே, நான் போட்டதும் தப்பு.
புதுசை ஏற்ற வேண்டாம்.
ஏழு மணிக்கு நானே வருகிறேன்.

கோப்பின் தலையில் இருக்கும் எண்ணை
அழித்துவிடலாமா என்று பார்த்தேன்.
செல்லில் நாலு சதவீதம்தான் இருந்தது.
சார்ஜில் போட்டேன்.